தையலுக்கு விட்ட இடம்

வெட்டிய டைலைச் சுவரில் வைத்துப் பார்த்த தம்பி முதலில் வாயைப் பொத்திக்கொண்டான். அப்புறம் அடக்க முடியாமல் சிரித்துவிட்டான்.

“அக்கா, இது என்ன ஜாக்கெட்டா? தையலுக்கு இடம் விட்டு வெட்டியிருக்க!”

அவள் வாங்கி வைத்துப் பார்த்தாள். உள்ளே போகவில்லை. அரை விரல்கடை அதிகம். சுவரோரம் மேலிருந்து கீழ்வரை வரும் வரிசைக்காகக் காலையிலிருந்து வெட்டி அடுக்கிய அத்தனையும் அப்படித்தான். காலமெல்லாம் துணி வெட்டிய கை. அளவைச் சொன்னால் அவளைக் கேட்காமலே கொஞ்சம் சேர்த்துக்கொள்ளும்.

“என்னடா சிரிப்பு அங்க?” பக்கத்து அறைக் கட்டிலிலிருந்து அம்மாவின் குரல் மெலிந்து வந்தது.

அடுப்புக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சுவருக்கும் அம்மாவுக்கும் ஜென்மப் பகை. எத்தனை தடவை வெள்ளையடித்தாலும் எண்ணெய்ப் பிசுக்கு மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும். டைல்ஸ் போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. டாக்டர் கையை விரித்த அன்றே அவள் கடைக்குப் போய் நீலப் பூ டைலாகப் பார்த்து வாங்கி வந்தாள். டைல்ஸ்காரர் ஓர வரிசையை மட்டும் விட்டுவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று போனவர்தான். அவருடைய நாளை இன்னும் விடியவில்லை. கடையிலும் அந்த டைல் தீர்ந்துபோயிருந்தது. கையில் இருப்பதை வீணடித்தால் அவ்வளவுதான். அம்மாவுக்கோ நேற்றிலிருந்து தண்ணீர்கூட இறங்கவில்லை. இதற்கு மேல் யாருக்காகக் காத்திருப்பது? டைல் வெட்டும் மிஷினை வாடகைக்கு எடுத்து வந்துவிட்டாள். சுவர் தெரியும்படி தம்பி கட்டிலைத் திருப்பிப் போட்டிருந்தான்.

“மேல அளந்து நான் சொன்னத அப்படியே வெட்டியிருந்தா இந்நேரம் ஒட்டியே முடிச்சிருக்கலாம்” என்றான். பஸ் ஓட்டுகிறவன், எதிலும் அவசரம்.

“பேசாம டைல எடுத்துக் குடு.”

கொல்லையில் மிஷின் அலறியது. மேல் டைலில் அதிகப்படியைச் சீவினாள். கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. அதற்குக் கீழே இருந்ததற்கு அவ்வளவு சீவ வேண்டியிருக்கவில்லை. அடுத்ததற்கு இன்னும் குறைவு. பசை தடவாமல் வைத்துப் பார்த்தபடியே இறங்கினார்கள். கடைசி டைலைச் சீவாமலே வைத்தாள். அளவெடுத்துத் தைத்தது மாதிரி நின்றது.

தம்பி ஒற்றைக் கண்ணை மூடிச் சுவரின் ஓரத்தைப் பார்த்தான். சுவர் கீழே போகப் போக விலகிக்கொண்டே போயிருந்தது.

“உன் அளவுல வெட்டியிருந்தா கீழ அரை விரல் சந்து இருந்திருக்கும்டா!” என்றாள் அவள்.

“பஸ் ஓட்டறவனுக்கு வளைவு தெரியலியா?” என்றாள் அம்மா. மூச்சு வாங்கினாலும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது!

கீழிருந்து ஒட்டிக்கொண்டே மேலே வந்தார்கள். கடைசி டைலை உள்ளங்கையால் அழுத்திவிட்டுப் பின்னால் நகர்ந்து பார்த்தபோது அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தியே விட்டாள். தம்பி விசிலடித்தான்.

“அம்மா, பாத்தியா!”

அம்மா மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தாள். பாராட்டெல்லாம் அம்மாவுக்குப் பழக்கமில்லை.

“அந்த மூலையில பசை வழியுது பாரு. தொட.”

துடைத்தாள். “இப்ப?”

“ம். இப்ப அழகா இருக்கு.”

மிஷினைத் துடைத்து வைத்துவிட்டு அவர்கள் திரும்பி வந்தபோது அம்மாவின் முகம் சுவரைப் பார்த்தபடியே இருந்தது. மூச்சு இல்லை. தம்பி கட்டிலின் சட்டத்தில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். அவளும் அம்மாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். ஆனால் அழுகைக்கு நடுவிலும், முடித்துவிட்டோம், அம்மா பார்த்துவிட்டாள் என்று மனசு நிமிர்ந்தே நின்றது. அதற்காக அவள் வெட்கப்படவில்லை.

தகவல் கேட்டதும் பெரியம்மா வந்துவிட்டாள். “என்ன விட்டுட்டுப் போயிட்டியே!” என்று தங்கையின் மேல் விழுந்து அழுதாள். கண்ணைத் துடைக்கத் தலையைத் தூக்கியவள் வாசற்படிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். அழுகை பாதியில் நின்றது.

“அடியே, இத யாரு போட்டது?”

“நான்தான் பெரியம்மா. தம்பியும்.”

பெரியம்மா எழுந்து சமையலறைக்குள் போனாள். அந்தப் பளபளப்பைத் தடவிப் பார்க்கக் கையை நீட்டினாள்.

“தொடாதீங்க பெரியம்மா” என்றாள் அவள். “இன்னும் காயல.”