எவர்சில்வர் கிடாரின் வால்பக்கம்

செம்பாக்கத்து அப்பாதுரையின் கிடாரில் பிக்கப்பை நாலு விரல்கடை கீழே இறக்கி ஒட்டியதும் முதலில் வந்தது கிடார் சத்தம் இல்லை. ஏகநாதனின் எப்போதோ செத்துப்போயிருந்த அப்பா, ஏரி மதகை எவன் திறந்தான் என்று கேட்டுத் திட்டினார். இது நடந்தது எண்பத்தாறாம் வருஷம், வெயில் தணிகிற சமயம், தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த முனிரத்தினத்தின் மைக் செட் கடையில். அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த ஏகநாதன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "நைனா, அந்த நெலத்தையே வித்தாச்சு, இன்னும் மதகு இன்னாத்துக்கு?" என்று ஆம்ப்ளிஃபையரைப் பார்த்துப் பதில் சொன்னார். அதற்கு வந்த வசவை இங்கே எழுத முடியாது.

அந்தக் கிடார் சாதாரணக் கிடார் இல்லை. வயிற்றுக்குள் மெல்லிய அலுமினியத் தட்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்து, மேலே ஓட்டை ஓட்டையாகப் பளபளக்கிற மூடி போட்டிருக்கும். கம்பியை மீட்டினால் தட்டு அதிர்ந்து சத்தம் வரும். ஊரில் அதற்கு எவர்சில்வர் கிடார் என்று பேர். பல்லாவரத்தைக் காலி செய்துகொண்டு போன ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பத்திடம் அப்பாதுரை வாங்கியது. முனிரத்தினம் அதற்கு ஒரு பிக்கப் போட்டுக் கொடுத்திருந்தான். தட்டின் அதிர்வைப் பிடித்து ஒயர் வழியாக ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்புகிற, எட்டணா அகலத்தில் ஒரு வில்லை, மெழுகு வைத்து மூடியின் நடுவில் ஒட்டியது. மாதா கோயில் திருவிழாவில் அது ஊய் என்று ஊளையிட்டு, சாமியாரைப் பிரசங்கமே பண்ண விடவில்லை. இடத்தை மாற்றி ஒட்டினால் அடங்கும் என்று முனிரத்தினம் சொல்ல, அப்பாதுரை கிடாரைக் கடையில் போட்டுவிட்டு, வேறொருத்தனுடையதை இரவல் வாங்கிக்கொண்டு தெற்கே ஒரு கச்சேரிக்கு ரயிலேறினான். ரயில் போய்ச் சேர்ந்தது. ஆள் திரும்பி வரவில்லை.

பிக்கப்பின் விஷயம் சீக்கிரமே ஊருக்குப் பிடிபட்டுவிட்டது. கம்பிகள் முடிகிற வால்பக்கம் ஒட்டினால் செத்தவர்கள். எதிரில் யார் உட்காருகிறார்களோ அவர்களுடைய ஆட்கள் வந்து பேசுவார்கள், கேட்டால் பதிலும் சொல்வார்கள். கழுத்துப்பக்கம் ஒட்டினால் அதேபோல் அவர்களுடைய ஆட்களில் உயிரோடு தூரத்தில் இருப்பவர்கள். அவர்கள் பேசுவது நமக்குக் கேட்கும், நாம் பேசுவது அவர்களுக்கு எட்டாது. ஏன் அப்படி என்று கேட்டால் முனிரத்தினம், "தட்டுக்கே வெளிச்சம்" என்பான். கீரை விற்கிற பச்சையம்மாவுக்கு அவள் மாமியார் வந்து, கீரையில் இன்னும் மண் இருக்கிறது என்று குறை சொன்னாள். செத்தும் திருந்தவில்லை என்று பச்சையம்மா எழுந்து போய்விட்டாள். பம்பாயில் உத்தியோகம் பார்ப்பதாகச் சொன்ன பிள்ளை அங்கே எச்சில் பிளேட் கழுவுவது கழுத்துப்பக்கத்தில் தெரிந்து ஒரு வீட்டில் அழுகை. தெருவுக்குத் தெரு எஸ்டிடி பூத் வந்ததும் கூட்டம் குறைந்தது. போனில் நல்ல சேதி மட்டும் கேட்கலாம், அதுதான் சவுகரியம்.

அந்தக் கடைப்பக்கமே வராதவள் ஒருத்தி இருந்தாள் என்றால் அது அப்பாதுரையின் பெண்டாட்டி அருள்மேரி. குரோம்பேட்டை தோல் கம்பெனியில் தையல் வேலை. போனவன் வருவான் என்று ராத்திரிச் சோற்றில் ஒரு பங்கை எடுத்து மூடி வைத்து, காலையில் தண்ணீர் ஊற்றித் தானே குடிப்பாள். நாத்தனார் தபீதாள் விடவில்லை. "செத்துட்டான்னு ஒத்துக்க. ஒரு பூசையாவது வெச்சா அவன் ஆத்துமா கரையேறும்" என்று நச்சரித்தாள். அது பொறுக்காமல்தான் அருள்மேரி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து வால்பக்கத்துக்கு எதிரில் உட்கார்ந்தாள். அவள் அம்மா வந்தாள், பெரியப்பா வந்தார், பேர் வைக்குமுன் போன தம்பி ஒருவன் வந்து வீறிட்டான். அப்பாதுரை வரவில்லை. அவளுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சம் இல்லை. பேக்கரிக்கு ஓடிப்போய் பன் வாங்கி வந்து கடையில் இருந்த எல்லோருக்கும் கொடுத்தாள். "அண்ணா, உசுரோட கீறாரு. கழுத்தாண்ட மாத்து" என்றாள்.

முனிரத்தினம் தயங்கித் தயங்கித்தான் பிளேடால் மெழுகைச் சுரண்டினான். ஒட்டி முடித்த கணத்தில் அப்பாதுரையின் குரல், நாலு அடி தள்ளி நிற்கிறவனைப் போலத் தெளிவாக வந்தது. "சாமுண்டீஸ்வரி, பாப்பா தூங்கிடுச்சா பாரு." பிறகு ஒரு தாலாட்டை வாய்க்குள் முனகினான். அருள்மேரி அந்தத் தாலாட்டு முடியும்வரை கேட்டாள். "ஒயர்ல கோளாறு தங்கச்சி" என்றான் முனிரத்தினம். "கோளாறு ஒயர்ல இல்லண்ணா" என்று எழுந்துகொண்டாள். நேரே கோயிலுக்குப் போய், காலஞ்சென்ற அப்பாதுரையின் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று பூசைக்குப் பேர் கொடுத்தாள்.

மனுஷன் கல்லுப்பிள்ளையாராட்டம் அங்கே உட்கார்ந்து தாலாட்டுப் பாடுகிறான், இங்கே அவனுக்கு இறந்தோர் பூசை. சாமியாருக்கு அது தெரியாது, பேரைப் படித்தார். மாசாமாசம் படித்தார். சாமியார் மாறினார், புதுச் சாமியாரும் படித்தார். நித்திய இளைப்பாற்றியை அவனுக்குத் தந்தருளும் என்று சனங்கள் எல்லாம் ஒரே குரலில் கேட்டார்கள். இத்தனை பேர் இத்தனை காலம் ஒன்றையே கேட்டால் மேலே இருப்பவர் எத்தனை நாள்தான் தராமல் இருப்பார்? தொண்ணூற்று மூன்றாம் வருஷம் மழைக்காலத்தில் ஒருநாள், கிடாரில் அவளைக் கேட்டு ஒரு குரல் வருகிறது என்று முனிரத்தினம் கம்பெனிக்கே ஆள் அனுப்பினான். அருள்மேரி வந்தபோது பிக்கப் வால்பக்கம் இருந்தது.

"அருளு" என்றது கிடார்.

அவள் வாயில் முதலில் வந்தது, "சாப்ட்டியா?"

இல்லை என்றான். எப்படி ஆச்சு என்று கேட்டாள். "பாப்பாவுக்குத் தல வாரிக்கினு இருந்தேன். எவனோ என் பேரப் படிச்சான். அத்தினி பேரும் சேந்து கூப்ட்டாங்க. சரின்னு எழுந்துகினேன்" என்றான். கோபம் இல்லை அவன் குரலில். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஒரு காலத்தில் இவன் வரவேண்டும் என்று எத்தனை முழங்கால் போட்டாள்! வந்துவிட்டான், அவள் கூப்பிட்ட வழியாகவே வந்துவிட்டான். பிளேடைப் பிடுங்கி அவளே பிக்கப்பைக் கழுத்துப்பக்கம் மாற்றினாள். அவளுடைய ஆட்கள் யாரும் இல்லாத அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குழந்தை கேட்டது: "நைனா பாதி சடையில வுட்டுட்டு எங்க பூடுச்சி?"

அவளுக்கு எதிரில் அவளுடைய ஆள்தானே பேசவேண்டும், இந்தக் குழந்தை எப்படி வந்தது என்று முனிரத்தினம் கேட்கவில்லை. அருள்மேரி முகத்தைத் துடைத்துக்கொண்டு பிக்கப்பை மறுபடி வால்பக்கம் ஒட்டி, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள். ஊர் எது என்று கேட்டாள். திண்டிவனம் என்றான். மூன்று மணி நேர பஸ் தூரம்.

"அந்த வூட்ல கரண்டு கீதா?"

"கீது."

மறுநாள் பெருங்களத்தூரில் தென்பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினாள். போர்வையில் சுற்றிய கிடார், பிக்கப் வால்பக்கமே ஒட்டியபடி மடியில், ஆம்ப்ளிஃபையர் காலடியில். கண்டக்டர் இரண்டுக்கும் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். திண்டிவனத்தில் விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது, சாமுண்டீஸ்வரி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். போர்வை விலகிப் பளபளத்த மூடியைப் பார்த்தாள். அவன் சொல்லிக் கேட்டிருப்பாள்போல, நகர்ந்து வழிவிட்டாள். பிளக் பாயிண்ட் எங்கே என்று அருள்மேரி கேட்டாள். ஒருபக்கச் சடை அவிழ்ந்து நின்ற பாப்பா கைகாட்டியது.