சாடியின் மேல்மண்

அத்தான் கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்தபோது இரண்டு பயணப் பைகளும் ஒரு பூச்சாடியும் கொண்டுவந்தார். சாடியில் இருந்தது கமேலியா. பண்டாரவளையிலிருந்து பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்ததாக அக்கா சொன்னாள். அப்போது அதில் ஒரு பூ இருந்தது. வெள்ளை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் வந்து இருப்பார். அத்தான் அது தெரிந்துதான் சம்மதித்தார். அவர் பெயர் புவனராஜ். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து கணித ஆசிரியரானவர். அக்கா துசாந்தினியும் அதே பள்ளிக்கூடத்தில்தான் படிப்பிக்கிறாள். காலையில் இருவரும் மோட்டார் சைக்கிளைப் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏற்றி, வாவியைக் கடந்து, வெல்லாவெளிப் பக்கம் போவார்கள். பாதை வரத் தாமதமானால் துறையில் நின்று ஒருவரோடொருவர் சண்டை பிடிப்பார்கள். அப்படிச் சண்டை பிடித்த காலம் நல்ல காலம் என்று இப்போது தோன்றுகிறது.

அத்தானின் அம்மா துரை பங்களாவின் பூந்தோட்டத்தில் வேலை செய்தவர். அங்கே வெட்டிய ஒரு கிளையை வேர்பிடிக்க வைத்து வளர்த்த செடி அது. கல்யாணத்துக்கு முந்திய வருடம் அவர் இறந்துவிட்டார்.

வைகாசியில் இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. நரம்புகள் மட்டும் பச்சையாக இருந்தன.

ஆனியில் ஒரு நாள் அக்கா கிணற்றடிக்கு வந்தாள். நான் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன்.

“ஆர்த்தி, நீ தாவரவியல் படிச்சவள்தானே. அந்தச் செடிக்கு என்னெண்டாலும் செய்யன்கா.”

“தேடிப் பாக்கிறன்.”

“இவர் இடமாற்றத்துக்குப் போட்டிருக்கார். பண்டாரவளைக்கு. எனக்குச் சொல்லல்ல. பள்ளிக்கூட அதிபர்தான் வாய் தவறிச் சொல்லிப்போட்டார்.”

“ரெண்டு பேருக்குமா?”

“தனக்கு மட்டும்.” அக்கா வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “பின்னேரம் வந்தா அந்தச் சாடிக்குப் பக்கத்திலதான் இருக்கார். அது பட்டுப் போனா இவருக்கு இஞ்ச இருக்க ஒண்டும் இல்ல.”

‘நீ இருக்கிறாயே’ என்று சொல்ல நினைத்து, கையிலிருந்த உடுப்பைப் பிழிந்தேன். 

அன்று முதல் தேடினேன். கமேலியாவைப் பற்றி இணையத்தில் நிறையக் கிடந்தது. பெரும்பாலானவை குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. பனி கொட்டும்போது சாக்கால் மூடச் சொன்னார்கள். ஒரு பக்கம் முட்டைக்கோது போடு என்றது. இன்னொன்று போடவே கூடாது என்றது. தமிழில் ஒரு காணொளி இருந்தது. அதில் பேசியவர் முழு நேரமும் ரோஜாவைக் காட்டினார். கைபேசிச் செயலி ஒன்றிடம் கேட்டேன். மட்டக்களப்பில் கமேலியா செழித்து வளரும், நாள்தோறும் கிணற்று நீர் ஊற்றுங்கள் என்று தயங்காமல் சொன்னது. எங்கள் கிணற்றில் ஆனி பிறந்தால் உவர் ஏறிவிடும் என்பது அதற்குத் தெரியாது.

பல்கலைக்கழகத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்தது ஒன்றுதான். யார் சொல்கிறார், எங்கே இருந்து சொல்கிறார், அளந்தாரா என்று பார். அப்படிப் பார்த்தபோது இரண்டு கட்டுரைகள்தான் மிஞ்சின. இரண்டும் ஒரே விடயத்தைச் சொல்லின. இது தேயிலையின் குடும்பம். புளிப்பு மண் வேண்டும். சுண்ணாம்புச் சத்துக் கூடினால் வேர் இரும்பை எடுக்காது, இலை மஞ்சளாகும்.

சாடியின் மேல்மண்ணையும் அடிமண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு வந்தாறுமூலைக்குப் பஸ் ஏறினேன். என்னோடு படித்த நஸீபா அங்கே ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள்.

“என்ன புள்ள, பட்டம் எடுத்து வேல இல்லாம மண் விக்க வந்திட்டியா?” என்றாள்.

“அத்தான்ட செடி.”

“மச்சான்ட செடிக்கு இவ்வளவு தூரமா? எங்கட வீட்டில மச்சான் பட்டுப் போனாலும் நான் ஏறாவூரைத் தாண்ட மாட்டன்.”

சிரித்துக்கொண்டே மண்ணைக் கரைத்து அளந்தாள். பிறகு சிரிக்கவில்லை.

“இதென்ன விளையாட்டு? அடிமண் நல்ல புளிப்பு. மேல்மண் காரம். ஒரு சாடிக்குள்ள ரெண்டு ஊர் மண்ணா?”

“ஒரே மண்தான்.”

“அப்ப ஆரோ மேல என்னவோ போடுறாங்க. தண்ணியும் சரியில்லதான். ஆனா தண்ணியால மட்டும் இப்பிடி வராது.”

மேல்மண்ணை வெள்ளைத் தாளில் பரப்பினாள். சாம்பல் நிறத் துகள்கள் இருந்தன. இடையில் நொறுங்கிய மட்டிச் சிப்பி மின்னியது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அடுப்புச் சாம்பலோடு மட்டி ஓட்டை இடித்துக் கலந்து, வாடின மரத்துக்குப் போடுவது அம்மாவின் வழக்கம். அவர் மட்டுமல்ல, வாவிக் கரையில் எல்லோரும் போடுவார்கள்.

பின்னேரம் அத்தான் சாடிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். அக்கா இன்னும் மாலை வகுப்பிலிருந்து வரவில்லை. பேச வேண்டியதை பஸ்ஸிலேயே பல தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன்.

“அத்தான், மேல்மண்ணில காரம் கூடிப்போச்சு. ஆய்வுகூடத்தில அளந்து பாத்தம். சாம்பல்...”

“தெரியும் ஆர்த்தி” என்றார்.

ஒரு ஈர்க்கால் மேல்மண்ணைச் சுரண்டி ஒரு தேங்காய்ச் சிரட்டையில் போட்டுக்கொண்டிருந்தார். சிரட்டை பாதி நிறைந்திருந்தது.

“எப்ப இருந்து?”

“வந்த மாசமே வெக்கையில செடி வாடுச்சு. அப்ப இருந்து. தேயிலைக்குள்ள வளந்தவன், எனக்குத் தெரியாதா? தெனம் நான் சுரண்டி எடுப்பேன். அடுத்த நாள் பாத்தா திரும்ப இருக்கும்.”

“ஏன் அம்மாட்டச் சொல்லல்ல?”

“எப்படிச் சொல்றது? உங்க அம்மா எங்கிட்டப் பேசுறதில்லையே.”

அது உண்மை. அம்மா மருமகனோடு நேரே கதைப்பதில்லை. எங்கள் வீட்டில் அதுதான் மரியாதை. அத்தான் சாப்பிட உட்கார்ந்தால் அம்மா கதவுக்குப் பின்னால் நின்று, “இன்னும் சோறு வேணுமா கேளு” என்பார். அது அத்தானுக்கும் கேட்கும். இருந்தும் நான் திரும்பக் கேட்பேன். அவர் எனக்குப் பதில் சொல்வார்.

“அக்காட்டயாவது சொல்லியிருக்கலாமே.”

“உங்க அம்மாவைக் குறை சொல்றதாத் தெரியும். இது அவங்க வீடு.” ஈர்க்கைத் துடைத்தார். “மொதல்ல, இங்க வழக்கம் இப்படித்தான்னு நினைச்சேன். அப்புறம், செடி போகட்டும்னுதான் போடுறாங்களோன்னு நினைச்சேன்.”

நான் “இல்ல அத்தான்” என்றேன். அம்மாவைத் தேடிப் போனேன்.

அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். சொன்னேன். அவர் துருவுவதை நிறுத்தவில்லை.

“நான் சாம்பல் போடாத மரம் இந்த வளவில எது கிடக்கு, சொல்லு பாப்பம்? முருங்கையா? தேசிக்காயா? போடப் போடக் காய்க்குது.”

“அதெல்லாம் வேற மரம். இதுக்கு அது நஞ்சு.”

“கோழிதான் கிளறிக் கொட்டுதாக்கும் எண்டு நான் கூடக் கூடப் போட்டன்.”

“கோழி இல்லம்மா. அத்தான்தான் சுரண்டி எடுத்தவர்.”

இப்போது கை நின்றது.

“ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே அந்தப் புள்ள.”

“நீங்க ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே.”

அம்மாவிடம் நான் அப்படிப் பேசியதில்லை. அவர் எழும்பித் துருவுபலகையைக் கழுவி வைத்தார். பாதித் தேங்காய் துருவாமலே கிடந்தது. அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தண்ணீரிலும் வெக்கையிலும் செடி இங்கே நிற்பது கஷ்டம், மழைத் தண்ணீர் மட்டும் ஊற்றினால் ஒருவேளை நிற்கலாம், அதற்கும் மழை வர இன்னும் மாதங்கள் கிடக்கின்றன என்றும் சொன்னேன். அக்கா, “இதையெல்லாம் இவர்ட்டச் சொன்னியா?” என்று கேட்டாள். ஓம் என்றேன். “கொஞ்சம் பொய் சொல்லியிருக்கலாம்” என்றாள்.

பள்ளிக்கூட விடுமுறை தொடங்கிய அன்று அத்தான் சாடியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். செடியை ஊரில் வைத்துவிட்டு வருவதாகச் சொன்னார். அக்கா தானும் வருவதாகச் சொன்னாள். “நீ விடைத்தாள் திருத்தணுமே” என்றார். ஒரு பையைத்தான் எடுத்தார். அது பெரிய பை.

அம்மா வாசல் படலையடிக்கு வந்து நின்றார். அத்தான் கையெட்டும் தூரத்தில் நின்றார். அம்மா என்னைப் பார்த்து, “எப்ப வாறாரெண்டு கேளு” என்றார்.

அத்தானும் என்னைத்தான் பார்த்தார். “பாக்கிறேன்னு சொல்லுங்க.”

நான் யாருக்கும் எதையும் திருப்பிச் சொல்லவில்லை. இருவருக்கும் கேட்டிருந்தது.

அவர் போன பிறகு அம்மா பழைய நீலப் பீப்பாய் ஒன்றைக் கழுவி, கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் வைத்தார்.  வானத்தில் மேகமே இல்லை.

அத்தான் அக்காவுக்கு எடுத்த அழைப்புகள் சுருக்கமானவை. சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். விடுமுறையின் கடைசிச் சனிக்கிழமை என் கைபேசிக்கு ஒரு படம் அனுப்பினார். கீழே ஒன்றும் எழுதவில்லை. அவர் பிறந்த தோட்டத்து லயத்து வீட்டின் சுவர், அதன் அடியில் கமேலியா. நுனியில் ஒரு புதிய இலை இருந்தது. நல்ல பச்சை.

அக்கா கைபேசியை வாங்கிப் பார்த்தாள்.

“நிலத்தில நட்டிருக்கார்.”

“ஓம்.”

“சாடி எங்க?”

“படத்தில இல்ல.”

“இது பிழைச்சிருமா?”

“பிழைச்சிரும். அந்த மண் அதுக்குச் சரி. துளிரும் விட்டிருக்கு.”

“நான் செடியையா கேக்கிறன்? திங்கட்கிழமை பள்ளிக்கூடம், ஆர்த்தி. இவர் வருவாரா?”

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுவர், ஈரமான மண், இலை. அதில் வேறு எதுவும் இல்லை.

“தெரியாது” என்றேன்.

அம்மா பின்னால் நின்றிருக்கிறார். கையை நீட்டினார். “எடுத்துத் தா” என்றார். அத்தானின் எண்ணை அழுத்திக் கொடுத்தேன். அம்மா முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்.

“மகன், மாமி கதைக்கிறன்.”

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“சாம்பல் போட்டது நான்தான். வாடிக் கிடக்குதே எண்டுதான் போட்டன். வேற ஒண்டும் நினைச்சுப் போடல்ல.”

பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அத்தான் சொன்னது எங்களுக்குக் கேட்கவில்லை.

“ஓம்... ஓம். பீப்பாய் ஒண்டு வச்சிருக்கன், மழைத் தண்ணிக்கு. ஓம் மகன்.”

கைபேசியை என்னிடம் தந்தார். 

“வாறாராமா?” அக்கா கேட்டாள்.

“பீப்பாய மூடி வைக்கட்டாம். மழை பேஞ்சா நுளம்பு முட்டை போட்டு டெங்கு வருமாம்.”

“அம்மா, வாறாராமா?”

“அதக் கேக்க எனக்கு வாய் வரல்லகா” என்றார் அம்மா. பீப்பாய்க்கு மூடி தேடிக் குசினிக்குள் போனார்.