ஏரியில் விழுந்த கண்டி

சிட்டிபாபுவுக்குத் தொழில் செல்போன் ரிப்பேர். ஆனால் யார் கேட்டாலும் மீடியா என்றுதான் சொல்லுவான். ‘நம்ம ஏரி லைவ்’ என்ற அவனுடைய யூடியூப் சேனலை முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் பார்க்கிறார்கள். அதில் பாதி, ரிப்பேருக்கு வந்த போன்களில் அவனே சேர்த்துக்கொண்டது.

புயல் மழை நாலு நாளாகக் கொட்டியதில், ஆந்திராவில் நகரி பக்கத்து அவன் ஊர் ஏரி தளும்பி நின்றது. ஏரி சித்தூர் மாவட்டம், கரைக்குக் கீழே பள்ளத்தெரு திருப்பதி மாவட்டம். தண்ணீருக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. பள்ளத்தெருவில் நாற்பது வீடு, அதில் ஒன்று அவன் அக்கா ஸ்வர்ணலதாவின் வீடு. ஏரிக்கு ஏதாவது ஆனால் முதலில் சொல்வது தானாக இருக்கவேண்டும் என்று போனும் கையுமாகக் கரையிலேயே கிடந்தான். பாதி அக்கா மேல் பாசம், பாதி பேர் வாங்கும் ஆசை.

அவன் மனைவி தேன்மொழிக்கு ஓர் எருமை உண்டு. எப்பேர்ப்பட்ட வேலியையும் முட்டி உடைத்துக்கொண்டு போய்விடும். ஏரிக்கரை உடைப்புக்குத் தெலுங்கில் கண்டி என்று பெயர். தன் கத்தரித் தோட்டத்து வேலியில் மூன்றாவது உடைப்பைப் பார்த்த அன்று, பக்கத்து வீட்டு ரமணா எருமைக்கு அந்தப் பெயரையே வைத்தார். அதுவும் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் லைவ் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கரையில் மேய்ந்த கண்டி சறுக்கித் தண்ணீருக்குள் விழுந்தது. சிட்டிபாபுவுக்குக் கைகால் ஓடவில்லை. தேன்மொழிக்கு யார் பதில் சொல்வது? தெலுங்குக்காரர்களும் பார்க்கிறார்களே என்று தெலுங்கிலேயே கத்தினான்.

“செருவுல கண்டி படிந்தி! பரிகெத்தண்டி!”

ஏரியில் கண்டி விழுந்தது, ஓடி வாருங்கள் என்பது அவன் நினைப்பு. ஏரிக்கரையில் உடைப்பு விழுந்துவிட்டது, ஓடுங்கள் என்று ஊருக்குக் கேட்டது. படம் வேறு மழையில் உறைந்து நின்றுவிட்டது, குரல் மட்டும் போயிற்று. பள்ளத்தெரு மொத்தமும் கட்டிய துணியோடு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடியது. ஸ்வர்ணலதா மாவு ஆட்டிய கிரைண்டர் கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஏன் அதைத் தூக்கினாள் என்று அவளுக்கே தெரியாது. கண்டி தானாக நீந்திக் கரையேறி, அவனைப் பார்த்துத் தும்மியது.

அன்றைக்கு அவன் வாங்கிய திட்டை இங்கே எழுதமுடியாது. தேன்மொழி எருமைக்குத் திருஷ்டி கழித்து, கழுத்தில் மஞ்சள் துணியும் எலுமிச்சம்பழமும் கட்டினாள். “இனிமே நீயே இத மேய்ச்சிக்கினு கெட” என்று கயிற்றை அவன் கையில் கொடுத்தாள்.

அதனால்தான் மறுநாள் காலை மறுபடி கரையில் நின்றான், கூடக் கண்டியும். மதகுக்குப் பக்கத்தில் கரையின் ஒரு பக்கம் அவன் கண் முன்னாலேயே சரிந்து இறங்கியது. சேற்றுத் தண்ணீர் பள்ளத்தெருப் பக்கமாகப் பீய்ச்சியது. உடனே லைவ் போட்டான்.

“கண்டி படிந்தி! நெஜமா படிந்தி! கரை ஒடைஞ்சிக்கினு கீது, ஓடுங்க!”

சிரிக்கும் பொம்மைகளாக வந்து விழுந்தன. ‘எருமைக்கு நீச்சல் கத்துக்குடுப்பா’ என்று ஒருவர். ‘இது போன வருஷத்து வீடியோ, வேற ஏரி. யாரும் நம்பாதீங்க’ என்று ஒரு மேதாவி. அதற்கு எழுபது லைக். அக்காவுக்குப் போன் போட்டான்.

“டேய் பாபு, நேத்து தூக்குன கல்லுல இடுப்பு புடிச்சிக்கினு கீது. வைடா போன!”

வைத்துவிட்டாள். தண்ணீர் இன்னும் அகலமாக வழி செய்துகொண்டிருந்தது. தன் வாயால்தான் அக்கா சாகப்போகிறாள் என்று சிட்டிபாபுவுக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், கண்டி நிதானமாக அசைபோட்டுக்கொண்டு அவனையே பார்த்தது. கழுத்தில் நேற்றுக் கட்டிய மஞ்சள் துணி.

எருமையை இழுத்து உடைப்புக்கு முன்னால் நிறுத்தி, தானும் பக்கத்தில் நின்று போனைத் தூக்கிப் பிடித்தான்.

“நல்லா பாருங்க! எங்க கண்டி தோ, எங்கூட கீது! எலுமிச்சம்பழம் நேத்து கட்டுனது! அப்போ பின்னால படிந்தி எந்தக் கண்டி?”

சிரிக்கும் பொம்மைகள் நின்றன. திருஷ்டி கழித்ததை ஊரே வேடிக்கை பார்த்திருந்தது. அந்த மஞ்சள் துணி போன வருஷத்து வீடியோவில் எப்படி வரும்? கீழே ஒரு கதவு திறந்தது, அப்புறம் வரிசையாக எல்லாக் கதவும். கால் மணி நேரத்தில் பள்ளத்தெருவில் இடுப்பளவு தண்ணீர், ஆள் ஒருவர்கூட இல்லை.

சாயங்காலம் கண்டியையும் ஓட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனான். ஸ்வர்ணலதா இந்தத் தடவை கிரைண்டர் கல்லை விட்டுவிட்டு, ரேஷன் கார்டைத்தான் எடுத்து வந்திருந்தாள். தம்பியைப் பார்க்காமல் நேராகப் போய், எருமையின் நெற்றியைத் தடவிக்கொடுத்தாள்.

“தோ பார்றா, உன்ன நம்பி ஒண்ணும் நான் ஓடியாரல. இத நம்பித்தான் ஓடியாந்தேன்.”

“யார நம்புனா இன்னாக்கா, வந்துட்டியே” என்றான் சிட்டிபாபு. அந்த மீடியா போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.