வெறும் வலை

கூட்டத்தில் எல்லோரும் கை தூக்கியபோது ஒதிலியா மட்டும் தன் கைகளை மடியிலேயே வைத்திருந்தாள். அரசுப் பண்ணையில் மாடு கறந்து, பண்ணையை இழுத்து மூடியபிறகு செங்கல் சுமந்து, கடைசியில் பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டில் உருளைக்கிழங்கு உரித்துக் காய்த்துப்போன கைகள். ஆற்றைச் சுத்தம் செய்யும் அந்தச் சங்கத்தைப் போலந்து எல்லையோரத்துச் செம்போபோல் ஊரில் தொடங்கியவள் அவள்தான். இன்றைக்கு அவளைத் தவிர அத்தனை பேரும் ஒரு பக்கம்.

"அப்ப முடிவு ஆயிடுச்சு," என்றார் தலைவர் ரெமிகியுஷ். பூகோள வாத்தியார். கெட்ட மனிதர் இல்லை. "இந்த வருஷம் ஊருக்கு மேலே மட்டும் சுத்தம் பண்றோம். ஊருக்குக் கீழே, எல்லை வரைக்கும் இருக்கற பகுதியை விட்டுடறோம்."

"ஏன்?"

"ஒதிலியா அக்கா, அந்தத் தண்ணி எங்க போகுது? ருஷ்யாவுக்கு. அவங்களுக்கு நாம ஏன் ஆத்தைக் கழுவித் தரணும்?"

"இத்தனை வருஷமா கழுவினோமே. அப்ப எங்க போச்சாம்?"

யாரோ பின்னால் சிரித்தார்கள். ரெமிகியுஷ் சிரிக்கவில்லை. "அப்ப அவங்க பக்கத்து நாட்டு மேல படையெடுக்கல, அக்கா," என்றார். ஒதிலியா கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

லினா ஆறு தெற்கே பிறந்து, செம்போபோலைச் சுற்றிக்கொண்டு வடக்கே போய், அங்கே ஒட்டியிருக்கும் ருஷ்யத் துண்டுநிலத்துக்குள் எல்லையைத் தாண்டுகிறது. தாண்டியதும் அதற்கு லாவா என்று பேர். பேர்தான் மாறுகிறதே ஒழிய, இங்கே போட்ட குப்பை அங்கேயும் குப்பைதான். அதைச் சொல்லிக்கொண்டுதான் எல்லைக்கு அப்பாலிருந்து முதலில் கிளாவ்தியா வந்தாள். எல்லையோரத்துச் சனங்கள் விசா இல்லாமல் ஓர் அட்டையைக் காட்டிப் போய்வந்த காலம் அது. இங்கிருந்து பெட்ரோலுக்கும் சிகரெட்டுக்கும் அங்கே போவார்கள். அங்கிருந்து பாலாடைக்கட்டிக்கும் பன்றிக்கறிக்கும் இங்கே வருவார்கள். மீன் டப்பா அடைக்கும் ஆலையில் பாதி ஆயுசைக் கழித்த கிளாவ்தியா கறி வாங்க வரவில்லை. சண்டை போட வந்தாள்.

"யாரு இங்க ஆத்துச் சங்கம்?"

"நான்தான்."

"நீதானா? உங்க ஊரு எண்ணெய் டப்பா, உங்க ஊரு பால் டப்பா, உங்க ஊரு பீர் பாட்டில், எல்லாம் என் வீட்டுப் படித்துறையில கெடக்கு. நான் என்ன உன் வேலைக்காரியா?"

பள்ளிக்கூடத்தில் அடித்துப் புகட்டிய ருஷ்ய மொழி அன்றுதான் ஒதிலியாவுக்குப் பயன்பட்டது. "உள்ள வா. சூப் சூடா இருக்கு. சாப்பிட்டுட்டுத் திட்டு," என்றாள். சாப்பிட்டுவிட்டு நிஜமாகவே மறுபடியும் திட்டினாள் கிளாவ்தியா. திட்டி முடிப்பதற்குள், அவள் ஊரில் இருந்த ஆற்றுச் சங்கமும் இதுவும் சேர்ந்து வேலை செய்வதாகப் பேச்சு ஆகிவிட்டது.

அந்தப் பக்கத்து ஊர்ப் பேருந்து நிலையத்தில் காலை பத்து மணிக்கு முதல் சந்திப்பு. அங்கே கடிகாரம் இங்கத்தியதைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடியது. அவர்கள் ஊருக்குப் போகிறோம், அவர்கள் பத்துக்குப் போவதுதான் மரியாதை என்று போலந்துக்காரர்கள் விடிகாலையிலேயே எல்லைச் சாவடி தாண்டிப் போய் நின்றார்கள். விருந்தாளிகள் தங்கள் பத்தைத்தான் சொல்லியிருப்பார்கள், அதற்கே போவோம் என்று ருஷ்யாக்காரர்கள் சாவகாசமாகக் கிளம்பினார்கள். ஒரு மணி நேரம் குளிரில் நின்று நடுங்கி, "ஏமாத்திட்டாளுங்க" என்று வண்டியைத் திருப்பும்போது எதிரே கிளாவ்தியா கூடையோடு வந்தாள். அடுத்த தடவை அவர்கள் இங்கே வந்தார்கள். போலந்துக்காரர்கள் ருஷ்யப் பத்துக்குப் போய் நிற்க, ருஷ்யாக்காரர்கள் போலந்துப் பத்துக்கு வந்து சேர, அதே கூத்து மறுபடியும். அதிலிருந்து எந்த நேரம் குறித்தாலும் "உன் பத்தா, என் பத்தா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. பிறகு அந்தப் பக்கம் கடிகாரத்தை மாற்றி வைத்தார்கள். கோடையில் இரண்டு பத்தும் ஒன்றாகிவிட்டது. கேட்பதை மட்டும் யாரும் விடவில்லை.

வேலை முறை எளிது. மே மாதம் ஒரு சனிக்கிழமை இந்தப் பக்கம் படகில் போய்க் குப்பை பொறுக்குவார்கள். அதே நாள் எல்லைக்குக் கீழே கிளாவ்தியா ஆள் வைத்து ஆற்றின் குறுக்கே தக்கை கட்டிய பழைய மீன் வலையைப் போடுவாள். இவர்கள் கையில் தப்பியது அவள் வலையில் விழும். மறுநாள் இவர்கள் சாவடி வழியாகச் சுற்றிக்கொண்டு அவள் கரைக்குப் போவார்கள். முதல் வருஷம் வலையில் விழுந்த பாட்டிலையும் டப்பாவையும் அவள் கயிற்றில் கோத்து மாலையாக்கி, எல்லோர் முன்னாலும் ஒதிலியா கழுத்தில் போட்டாள். "போட்டுக்க, போலந்துக்காரி. உங்க ஊரு பூ!" மாலை முழங்கால் வரை தொங்கியது. ஒதிலியாவுக்கு அவமானத்தில் காது சிவந்தது. சிரிக்கவும் செய்தாள். வேறென்ன செய்ய?

அப்புறம் கரையில் மீன் சூப். கடைசியில் ஒரு சின்னக் கிளாஸ் வோட்காவை அதில் ஊற்றி, எரிகிற பிர்ச் மரக் கட்டையை அடுப்பிலிருந்து உருவிச் சூப்புக்குள் சொய்ங் என்று முக்குவார்கள். முதல் தடவை அதைப் பார்த்துப் படகுக்காரன் ஸெனோன் அலறினான். "அய்யய்யோ, சோத்துல கொள்ளிக்கட்டையை வச்சுட்டாளே!" குடித்துப் பார்த்தபிறகு மூன்று கிண்ணம் கேட்டு வாங்கினான்.

வருஷா வருஷம் மாலை குட்டையானது. அந்தக் குட்டை மாலைக்காகத்தான் ஒதிலியா குனிந்து குனிந்து பொறுக்கினாள். முதுகு விட்டுப்போனது. ஒரு வருஷம் கழுத்து மட்டும்தான் வந்தது. இன்னொரு வருஷம் மணிக்கட்டைச் சுற்றும் அளவு. பிறகு எல்லை அட்டையை நிறுத்தினார்கள். விசா எடுத்துப் போனார்கள். பிறகு தொற்றுநோய். அதிலும் கிளாவ்தியா வலை போட்டுவிட்டுப் போனில் கத்தினாள். "ஒண்ணுமே விழல! வெறும் வலை! எனக்கு வேலையே இல்லாம பண்ணிட்டியே, பாவி!" அதைவிட நல்ல வார்த்தையை ஒதிலியா தன் வாழ்நாளில் யாரிடமும் கேட்டதில்லை. செத்துப்போன புருஷனிடம்கூட.

பிறகு ருஷ்யா இன்னோர் அண்டை நாட்டின் மேல் படையெடுத்துச் சண்டை வந்தது. இந்த வசந்தத்தில் கிளாவ்தியா ஒரே ஒரு முறை பேசினாள். அழுது அழுது குரல் இறங்கியிருந்தது.

"இனிமே கூப்பிடாத, ஒதிலியா. சங்கத்தை மூடிட்டோம். வெளிநாட்டுக்காரங்களோட பேசறவளை இங்க ஒரு மாதிரி பாக்கறாங்க."

"நீ நல்லா இருக்கியா?"

"இருக்கேன். மே மாசம் வலை மட்டும் போடுவேன். மீன் பிடிக்கற கிழவியை யாரு கேக்கப் போறா?" கொஞ்சம் நிறுத்தி, "வெறும் வலையா இருந்தா நீ இருக்கேன்னு தெரிஞ்சுக்கறேன்," என்றாள்.

ஆறு கீழ்நோக்கித்தான் போகிறது. அங்கிருந்து இங்கே எதுவும் வராது. வலை போடுகிறாளா, உயிரோடு இருக்கிறாளா, ஒதிலியாவுக்குத் தெரிய வழியில்லை. ஆனால் அவளுக்கு இவளைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. இந்த வருஷம் கீழ்ப்பகுதியை விட்டுவிட்டால் அதுவும் போயிற்று.

சனிக்கிழமை காலை ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஸெனோன் வீட்டுக்குப் போனாள். கூட்டத்தில் அவனும்தான் கை தூக்கியிருந்தான்.

"படகை எடு."

"அக்கா, ஓட்டு போட்டாச்சு."

"நான் ஓட்டு கேக்கல. படகு கேக்கறேன்."

ஸெனோன் மேலே பார்த்தான். மாடியில் அந்தச் சண்டைக்குத் தப்பி ஓடிவந்த ஓர் இளம் தாய் குழந்தையோடு தங்கியிருந்தாள். வாடகை என்று அவன் ஒரு காசு வாங்கவில்லை. "மேல அந்தப் பொண்ணு தினமும் அழுவுது. கீழ நான் ருஷ்யாக்காரிக்கு ஆத்தைக் கூட்டிப் பெருக்கப் போறேன். அவகிட்ட என்னன்னு சொல்லிட்டு வர?"

"குப்பை பொறுக்கப் போறேன்னு சொல்லு. அதானே உண்மை."

"கிளாவ்தியா இந்தச் சண்டை வேண்டாம்னு சொன்னாளா?"

"எங்கிட்ட போன்ல அழுதா. தெருவுல நின்னு சொல்லல. நீயா இருந்தா நின்னு சொல்லியிருப்பியா, ஸெனோன்? பண்ணை மேலாளர் முன்னாடியே நீ வாய் திறந்ததில்லையே."

அவன் கொஞ்ச நேரம் பூட்ஸ் முனையால் மண்ணைக் கிளறினான். பிறகு துடுப்பை எடுத்தான். "உன் பத்தா, அவ பத்தா?" என்றான் எரிச்சலோடு.

"இப்ப ரெண்டும் ஒண்ணுதாண்டா. கிளம்பு."

இரண்டு பேர் செய்கிற வேலை இல்லை அது. பனி உருகி வந்த வெள்ளம் கிளைகளில் எல்லாம் பிளாஸ்டிக்கைத் தொங்கவிட்டிருந்தது. கொக்கிக் கழியால் இழுத்து, குனிந்து, பையில் திணித்து, மறுபடி இழுத்து. நாணலுக்குள் இடுப்பளவு சேற்றில் ஒதிலியா இறங்கியபோது குளிர் எலும்பைத் தொட்டது. மூச்சுதான் கேட்டது. கரையோரப் புல்லில் நாரைகள் தவளை தேடிக்கொண்டு, எல்லை வேலியைப் பற்றிக் கவலைப்படாமல் நடந்தன.

மத்தியானம் கடைசி வளைவுக்கு முன்னால் கரையேறினார்கள். கம்பு ரொட்டியில் பன்றிக்கொழுப்பைத் தடவி, ஊறுகாய் வெள்ளரியைக் கடித்துக்கொண்டு தின்றார்கள். ஸெனோன் சட்டைக்குள்ளிருந்து சின்ன வோட்கா பாட்டிலை எடுத்தான்.

"அந்தச் சூப்பு," என்றான் திடீரென்று. "அந்தக் கொள்ளிக்கட்டை வாசனை. வீட்டுல நானும் செஞ்சு பாத்தேன், அக்கா. விறகு வாசனை வந்தது. அந்த ருசி வரல."

"அங்க சிரிச்சுக்கிட்டே சாப்பிட்டோம். அதான்."

"உன்னை மாலையோட ஆட வெச்சாளே... கலகலன்னு பாட்டில் சத்தம்." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். காற்று என்று சொல்லிக்கொண்டான்.

ஒதிலியா நாணலுக்குள் மிச்சம் இருந்த ஒரு டப்பாவை எடுக்கப் போனாள். திரும்பி வந்தபோது ஆற்றின் நடுவில் ஏதோ பளபளத்தது. வாயை இறுக்கி மூடிய வோட்கா பாட்டில். உள்ளே வெள்ளையாகக் காகிதம்.

"என்னடா பண்ணின?"

"ரொட்டி சுத்தின காகிதத்துல ரெண்டு வார்த்தை. 'கிளாவ்தியா, சூப்பை மறக்கல. ஸெனோன், ஒதிலியா.' வலையில விழும்ல? பாத்தா சந்தோஷப்படுவா."

"மடையா! படகைத் தள்ளு!"

"அக்கா..."

"தள்ளுடா! வேற எவன் கையிலயாவது சிக்கினா அவ பேரும் என் பேரும் ஒரே தாள்ல. அவளை வீட்டுலருந்து இழுத்துட்டுப் போவாங்க. அவ கையில சிக்கினா என்ன நினைப்பா? தூரத்துலருந்து பாட்டிலைப் பாத்ததும், போலந்துக்காரி போயிட்டா, ஆத்தைப் பாக்க ஆளில்லன்னு நினைப்பா!"

ஸெனோன் முகம் வெளுத்தது. துடுப்பை வளைத்து வளைத்துப் போட்டான். வெள்ளம் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடியது. வளைவு திரும்பியதும் கரையில் போலந்தின் வெள்ளை-சிவப்பு எல்லைக் கம்பம் தெரிந்தது. அதற்கப்பால் ருஷ்யாவின் பச்சை-சிவப்புக் கம்பம். கரையிலிருந்து எல்லைக்காவல் இளைஞன் கையாட்டிக் கத்தினான். "நிறுத்துங்க! பாட்டி, அதுக்கு மேல போகாதீங்க!"

"போகலடா! குப்பை எடுக்கறேன்!"

"விட்டுடுங்க, போனா போகட்டும்!"

"உங்க அம்மா வீட்டுக்குள்ள எறிவியா?"

ஒதிலியா படகின் மூக்கில் மண்டியிட்டு உடம்பு முழுவதையும் நீட்டினாள். கொக்கி ஒரு தடவை தவறியது. இரண்டாவது தடவை பாட்டிலின் கழுத்தில் பட்டு அது சுழன்றது. மூன்றாவது வீச்சில் கழியை விட்டுவிட்டுக் கையாலேயே பாய்ந்து பிடித்தாள். தோள் வரை தண்ணீர். படகு ஒரு பக்கம் சாய, ஸெனோன் அவள் இடுப்புப் பட்டையைப் பற்றி இழுத்தான். கழி மட்டும் போய்க்கொண்டிருந்தது. அவன் குனிந்து அதையும் பிடித்துவிட்டான்.

கரையோரம் ஒரு வேரைப் பற்றிக்கொண்டு இரண்டு பேரும் மூச்சு வாங்கினார்கள். ஒதிலியா பாட்டிலைத் திறந்து காகிதத்தை எடுத்து, சுருட்டி, வாயில் போட்டு மென்று விழுங்கினாள். பன்றிக்கொழுப்பு ருசி இருந்தது.

"மன்னிச்சுக்க, அக்கா."

"எழுத்துல பிழை இருந்தது," என்றாள். அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். பற்கள் தந்தியடித்தன.

கம்பங்களுக்கு நடுவே ஆறு அகலமாக, பழுப்பாக, ஒரு தாள் கிழிசல்கூட இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. இலை ஒன்று போனது. இலை போகலாம்.

"வலை போட்டிருப்பாளா?" என்றான் ஸெனோன்.

"தெரியாது."

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஈரக் கோட்டைப் பிழிந்துவிட்டு இன்னொரு துடுப்பை எடுத்தாள். திரும்பிப் போகிற வழி முழுவதும் நீரோட்டத்துக்கு எதிராக. இரண்டு பேரும் இழுத்தால்தான் படகு நகரும்.