திலீப்பின் டூப்ளிகேட் கிட்டார்

கிட்டாரின் தலையில் எழுதியிருக்கும் கம்பெனிப் பெயரைக் காட்டிப் பெருமை பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். பெத்த பேரு, தாகநீலு லேது; பேர்தான் பெரிசு, குடிக்கத் தண்ணி இல்லை. எலெக்ட்ரிக் கிட்டார் என்றால் கழுத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். அதில் வரிசையாகப் பதித்த ஃபிரெட் கம்பிகளின் ஓரம் விரலைக் கீறுகிறதா என்று பார்க்க வேண்டும். திருத்தணியில் என் ரிப்பேர் கடைக்கு வருவதில் முக்கால்வாசி டூப்ளிகேட்தான். அந்த எரிச்சலிலேயே பிழைப்பு ஓடுகிறது.

பள்ளிப்பட்டு நெசவுக்காரர் கோதண்டம் பஸ்ஸில் வந்து இறங்கி, ஒரு கிட்டாரை மேசைமேல் வைத்தார். அவர் மகன் திலீப்புடையது. போன ஐப்பசியில் அரக்கோணம் ரோட்டில் பைக்கில் போனவன், வீடு திரும்பவில்லை.

கிட்டாரின் கழுத்து வளைந்து, ஒட்டு விட்டுப் பிளந்திருந்தது. இரண்டு கம்பிகள் அறுந்து கிடந்தன.

"எவன் கம்பிய இப்படி முறுக்கினது?" என்று கடுகடுத்தேன்.

"நான்தாங்க மாஸ்டர். கம்பி தொய்ஞ்சா மனசு கேக்கல. தறியில பாவு நூலு தொய்ய உடுவமா? தெனம் காலையில கொஞ்சங் கொஞ்சமா முறுக்கிகினு வந்தேன்."

நெசவுக்காரர் கை வேறென்ன செய்யும்?

"இது ஒரிஜினல் இல்லீங்க," குரலைத் தாழ்த்தினார். "வாங்கும்போதே எனக்குத் தெரியும். அவன்கிட்ட ஒரிஜினல்னு சொல்லிட்டேன். 'எங்க நைனா ஒரிஜினல் வாங்கிக் குடுத்தாரு'ன்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சான். கடைசி வரைக்கும் அவனுக்குத் தெரியாதில்ல? அத்த மட்டும் பாத்துச் சொல்லுங்க."

கழுத்தைப் பிணைத்த திருகுகளைக் கழற்றினேன். துண்டுக் கட்டைகளை ஒட்டி, மேலே பெயின்ட் அடித்த உடம்பு. படு மட்டமான வேலை. ஆனால் யாரோ எனக்கு முன்பே கழற்றியிருக்கிறார்கள். தளர்ந்த திருகு ஓட்டைகளில் தீக்குச்சி வைத்து அடைத்திருந்தது. உள்ளே இரைச்சல் வராமலிருக்க மெல்லிய செப்புத் தகடு. ஃபிரெட் கம்பி ஒவ்வொன்றின் ஓரமும் அரத்தால் தேய்த்து மழமழவென்று இருந்தது. டூப்ளிகேட் செய்கிறவனுக்கு இத்தனை பொறுமை ஏது?

"வேற யாராச்சும் ரிப்பேர் பாத்தாங்களா?"

"இல்லீங்களே. அவன்தான் கதவைச் சாத்திகினு என்னமோ தேய்ச்சிகினு இருப்பான். கேட்டா, 'தொடைக்கிறேன் நைனா'ம்பான்."

பொய் சொல்லியிருக்கலாம். பாழாய்ப்போன என் வாய்க்கு அது வரவில்லை.

"அவனுக்குத் தெரியுங்க. பிரிச்சுப் பாத்திருக்கான். பாத்த உடனே தெரிஞ்சிருக்கும். உங்ககிட்ட சொல்லாம ஒவ்வொண்ணா சரி பண்ணியிருக்கான். கடையில வாங்கினப்ப இது வெறும் கட்டை. கிட்டாரா ஆக்கினது அவன்தான்."

கோதண்டம் கழற்றிய கழுத்தைக் கையில் எடுத்தார்.

"தெரிஞ்சுமா என்னைப் பெருமையா சொல்லிகினு திரிஞ்சான்?"

கட்டைவிரலால் ஃபிரெட் ஓரங்களைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"இந்தக் கழுத்து ஒட்டுமா?"

"ஒட்டினாலும் நிக்காதுங்க. வேற கழுத்துதான் போடணும்."

"அவன் ஒக்காந்து தேய்ச்சது இந்தக் கழுத்துதானே?"

"ஆங்."

"இத்தயா நான் தெனம் முறுக்கி முறுக்கி ஒடைச்சேன்?"

பிளந்த கழுத்தை மார்போடு கட்டிக்கொண்டு, அந்த மனிதர் என் கடையில் கத்தி அழுதார்.