எண்ணத் தெரிந்த கீபோர்டு

அந்த மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் மேனேஜரையும் சேர்த்து ஒன்பது பேர். அவர்களில் மிக வேகமாகத் தட்டுகிறவளுக்குப் புயல் என்று பெயர் வைத்திருந்தார்கள். இரண்டு மாதமாகப் புயலுக்கு மணிக்கட்டில் வலி. "கீபோர்டை மாத்துங்க, இல்லன்னா வேலைய மாத்துங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். தட்டுவதைத் தவிர வேறு வேலை அவளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை.

ஆகவே எல்லோருக்குமாக வயர்லெஸ் மெக்கானிக்கல் கீபோர்டு ஒன்பது வேண்டும் என்று மேனேஜரிடம் கேட்டாள். அவர் முடியாது என்று சொல்லவில்லை. முடியாது என்று சொல்கிறவரோடு சண்டையாவது போடலாம். இவர், "மாதிரிக்கு ஒண்ணு வரவழைக்கிறேன். அதோட வர்ற மென்பொருள முழுசா சோதிச்சு அறிக்கை குடுங்க. ஒவ்வொரு வசதிக்கும் படம் இருக்கணும். ஒரு பக்கம் குறைஞ்சாலும் கையெழுத்து கிடையாது" என்றார். அந்த அலுவலகத்தில் சாமியும் அவரே, பூசாரியும் அவரே.

கீபோர்டு தங்கமாக இருந்தது. திங்கட்கிழமை சாயங்காலமே மணிக்கட்டு முனகுவதை நிறுத்திவிட்டது. மென்பொருள்தான் வீம்பு பிடித்தது. கம்பியில்லாத கீபோர்டை அடையாளம் கண்டுகொள்ள, அது கம்பியைச் செருகச் சொன்னது. விசைகளுக்கு அடியில் எரியும் வண்ண விளக்கை அணைக்க ஏழு பக்கம் உள்ளே போகவேண்டியிருந்தது. அதுவரை அவள் மேசை கல்யாண வீடாக ஜொலித்தது. ஆனால் ஒரே விசைக்கு ஒரு முழு வாக்கியத்தையே சொல்லிக்கொடுக்கலாம். 'இது மூலத்துக்கு உண்மையான, முழுமையான மொழிபெயர்ப்பு எனச் சான்றளிக்கிறேன்' என்று தினமும் நாற்பது தரம் அடித்த கை, இப்போது ஒரு தட்டில் முடித்தது. புயலுக்குக் கண் கலங்கிவிட்டது.

கடைசி வசதி, எண்ணிக்கை. எந்த விசை எந்த நாளில் எத்தனை முறை அமுக்கப்பட்டது என்று கீபோர்டு தனக்குள்ளேயே குறித்துக்கொள்ளும். கம்பியைச் செருகியதும் மென்பொருள் அதைப் படமாகக் காட்டும். அதிகம் அமுக்கிய விசை சிவப்பு.

செவ்வாய்க்கிழமை காலையில் மேனேஜர் வந்து, "நானும் ஒரு நாள் தட்டிப் பாக்குறேன். ஆண்டறிக்கை எழுதணும்" என்று கீபோர்டைத் தூக்கிக்கொண்டு போனார். எண்ணிக்கையை நிறுத்திவிட்டுக் கொடுத்திருக்க வேண்டும். கை நிறைய வேலை, மறந்துபோனாள். மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து நாள் முழுக்க டக் டக்கென்று சத்தம் கேட்டது. மனுஷன் என்னமாய் உழைக்கிறார் என்று அலுவலகமே வாயைப் பிளந்தது.

புதன்கிழமை கீபோர்டு திரும்பி வந்ததும், படம் எடுக்க மென்பொருளைத் திறந்தாள். திங்கள்: நாற்பத்தோராயிரம் தட்டல், எழுத்து விசைகள் எல்லாவற்றிலும் நிறம். செவ்வாய்: எழுத்து விசைகளில் முப்பத்தாறு தட்டல், நான்கு அம்புக்குறி விசைகளில் மட்டும் ஒன்பதாயிரம். கம்ப்யூட்டர் விளையாட்டில் எதையோ நாள் முழுக்க இடமும் வலமுமாக ஓட்டியிருக்கிறார்.

பக்கத்து இருக்கையில் புரூஃப் பார்க்கும் அக்கா எட்டிப் பார்த்தாள். "ஆண்டறிக்கை நல்லாத்தான் ஓடியிருக்கு."

"சிரிக்காதீங்கக்கா. இத வச்சா கோவிச்சுக்குவாரு. வைக்கலன்னா பக்கம் குறையுதும்பாரு."

"செவ்வாய்க்கிழமைய மட்டும் வெட்டிட்டு வையேன். யாருக்குத் தெரியும்?"

"முழுமையானதுன்னு தினம் நாப்பது தரம் சான்று குடுக்குற கை இது, அக்கா. அரைப் படம் வைக்க வரல."

மதியம் அறிக்கையை நீட்டினாள். மேனேஜர் பக்கம் பக்கமாகத் தலையாட்டிக்கொண்டே வந்து அந்தப் படத்தில் நின்றார். முகம் கடுகடுத்தது.

"என்ன இது? ஆபீஸ் நேரத்துல அம்புக்குறிய மட்டும் அமுக்கிட்டு உக்காந்திருந்தது யாரு? இப்படிப்பட்ட ஆளுக்கா புது கீபோர்டு கேக்குறீங்க?"

அவருக்கு அது தன்னுடைய நாள் என்றே தெரியவில்லை. பழியை ஏற்றுக்கொண்டால் கீபோர்டு போச்சு. உண்மையைச் சொன்னாலும் போச்சு. எப்படியும் போகிறதென்றால் உண்மையோடு போகட்டும் என்று அவளுக்கு ஒரு முரட்டுத் தைரியம் வந்தது.

"அது செவ்வாய்க்கிழமை சார்."

"எந்தக் கிழமையா இருந்தா என்ன? அன்னிக்கு கீபோர்டு யாருகிட்ட..."

பேச்சு பாதியில் நின்றது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டார். மறுபடியும் கழற்றினார். பிறகு பேனாவை எடுத்து, அறிக்கையோடு இணைத்திருந்த கோரிக்கையில் 'ஒன்பது' என்பதை அடித்துவிட்டு 'எட்டு' என்று எழுதினார்.

அடிபட்டது தன் கீபோர்டுதான் என்று புயல் நினைத்தாள். வலிக்கிற கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மேனேஜர் கீழே கையெழுத்தைப் போட்டுக் காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"உங்க எட்டுப் பேருக்கும் வரட்டும். எனக்குப் பழசே போதும்மா. அதுக்கு எண்ணத் தெரியாது."