முதல் தீர்மானம்

தம்பியின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் பிரபாவதி துணியால் சேர்த்துக் கட்டி முடிப்பதற்குள் வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. மாலை போட வந்திருப்பார்கள் என்று நினைத்தாள். ஊராட்சித் தலைவர் செத்தால் போடமாட்டார்களா என்ன? இன்ஸ்பெக்டர் கையில் மாலை இல்லை.

"இன்னிக்கு மட்டும் வாய்க்கா கரை மேல எடுத்துக்கினு போயிடுங்கம்மா," என்றார். "ஊர்த்தெருவுல ஆளுங்க சேர்ந்துக்கினு இருக்காங்க. பேஜாரு வாணாம்."

தம்பி தென்னரசு பதினோரு வருடம் கடல் கடந்து ரீயூனியன் தீவில் தமிழ்ப் பண்பாட்டு மையம் ஒன்றை நடத்தியவன். எப்போதோ தமிழை மறந்துபோன குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பாட்டும் எழுத்தும் சொல்லிக்கொடுத்தான். 'தலைவர் பதவிய இந்த வாட்டி நம்மளுக்குன்னு ஒதுக்கியிருக்காங்க, வந்து நில்லுடா' என்று போனில் நச்சரித்தது பிரபாவதிதான். வேலையை விட்டுவிட்டு வந்தான். நின்றான், ஜெயித்தான். சுடுகாட்டுக்குப் போகிற ஊர்த்தெரு எல்லாருக்கும் பொது, இதுவரை வாய்க்கால் கரையில் போன காலனிப் பிணமும் இனி அந்த வழியாகத்தான் போகும் என்பது அவன் போட்ட முதல் தீர்மானம். அன்றிலிருந்து பேர் சொல்லாத ஆட்கள் போனில் மிரட்டினார்கள். நேற்றுக் காலை அலுவலக நாற்காலியிலேயே சாய்ந்தான். திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. மாரடைப்பு என்றார்கள். அந்தத் தீவிலேயே கிடந்திருந்தால் இன்னும் முப்பது வருடம் பாட்டு சொல்லிக்கொடுத்திருப்பான். கூப்பிட்டது நான்தானே என்று அவளுக்கு நெஞ்சு வெந்தது.

மாமா சின்னக்கண்ணு கிட்டே வந்தார். "பொணத்த வச்சிக்கினு வீம்பு வாணாம் பிரபா. தூக்குற பசங்களுக்கும் பொண்டாட்டி புள்ள இருக்குது."

"தீர்மானம் போட்டு ரெண்டு மாசம் ஆவுது மாமா. அதுக்கப்புறம் நம்ம பக்கம் சாவே விழல. இவன்தான் மொத ஆளு. இவனே வாய்க்கா மேல போனா, இனிமே யாரு தெருவுல போவாங்க?"

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பாடையின் முன்பக்கம் போய் நின்றார்.

மூன்று மணிக்குத் தூக்கினார்கள். பெண்கள் காலனி முனையோடு நின்றுவிடுவது வழக்கம். இடப்பக்கம் வாய்க்கால், நேரே ஊர்த்தெரு. தூக்கியவர்களின் கால்கள் அங்கே தயங்கின. பிரபாவதி அவர்களைத் தாண்டி முன்னால் போய் நேரே நடந்தாள். பின்னாலிருந்து யாரோ அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஜீப் முனையிலேயே நின்றுவிட்டது.

தெருவில் ஒவ்வொரு வீடாகக் கதவைச் சாத்தினார்கள். ஒருத்தி ஓடிவந்து, காயப்போட்டிருந்த மல்லாட்டைக் கடலையைப் படுதாவோடு உள்ளே இழுத்தாள். பிரபாவதியோடு பத்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். நிமிர்ந்து பார்க்கவில்லை. பிரபாவதி அவளைத் தாண்டிப் போனாள். கொஞ்சம் கழித்துப் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. பாடை வந்துகொண்டிருந்தது.

தெருக்கோடியில் ஊர்க்காரர்கள் ஒரு டிராக்டரைக் குறுக்கே நிறுத்தினார்கள். ஓட்டியவன் எஞ்சினை அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினான்.

பிரபாவதி நடந்துகொண்டிருந்தாள்.